எழுபத்தைந்து கிலோ

"கார் கட்டுவேன்," என்றான் குணாளன்.

"வீடு கட்டுவாங்க, தாலி கட்டுவாங்க. காரையுமா கட்டுவாங்க?" என்று கேட்டாள் விக்னேஸ்வரி.

"நான் கட்டுவேன். ரெண்டே சீட்டு. கூரை கிடையாது. தரையோட தரையா போகும். ரிங்லெட்ல எஞ்சினைத் தட்டுனா மேல தானா ராத்தா டவுன்ல இருக்கறவன் திரும்பிப் பார்க்கணும்."

"கட்டி?"

"உன்னைப் பக்கத்துல உக்கார வச்சு மலை பூரா சுத்திக் காட்டுவேன்."

இந்தப் பேச்சு நடந்தது ரிங்லெட் பஸ் நிலையத்தில், இருபத்து நான்கு வருஷத்துக்கு முன்னால், நிச்சயதார்த்தம் முடிந்த மறுவாரம். விக்னேஸ்வரிக்கு அடுத்த கேள்வி நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. 'நான் ஓட்டலாமா?' அதற்குள் தாப்பா பஸ் வந்து நின்று, கூட்டம் முண்டியடித்து, அவளை உள்ளே தள்ளிவிட்டது.

பஸ்மேல் எத்தனை நாள் பழி போடுவது? கல்யாணத்துக்குப் பிறகு கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அதற்குக் காரணம் குணாளனின் ஒரே ஒரு வார்த்தை. பாக்கலாம்.

குணாளன் நல்லவன். குடிக்க மாட்டான், குரலை உயர்த்த மாட்டான். அவள் கேட்ட எதற்கும் முடியாது என்று சொன்னதே கிடையாது. சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்றாள். "பாக்கலாம்" என்றான். அந்தக் குழாய் சொட்டத் தொடங்கிய மாதத்தில் பக்கத்து வீட்டில் பிறந்த குழந்தை இப்போது ஒன்றாம் வகுப்புக்குப் போகிறது. குழாய் அதன்பாட்டுக்குச் சொட்டிக்கொண்டிருக்கிறது. இப்படி அந்த வார்த்தைக்குள் போய் விழுந்து வெளியே வராத விஷயங்கள் எத்தனையோ. இந்த ஒரு கேள்வியையும் அதற்குள் போட அவளுக்கு மனசு வரவில்லை.

அந்த ஒன்றாம் வகுப்புக் குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடுவதே விக்னேஸ்வரிதான். பதினான்கு வருஷமாகத் தோட்டத்துப் பள்ளி வேனை ஓட்டுகிறாள். காலை ஆறு மணிப் பனியில், முன்னால் போகிற வண்டியின் பின்விளக்கு மட்டும் தெரிகிற ரோட்டில், திரிங்காப்பிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றிய லோரி வளைவு முழுவதையும் அடைத்துக்கொண்டு எதிரே வரும். வேனில் தூங்குகிற பிள்ளைகள் தூங்கிக்கொண்டே இருப்பார்கள். அப்படி ஓட்டுவாள். தோட்டமே தன் பிள்ளைகளை அவள் கையில் கொடுத்திருந்தது. ஆனாலும் சிவப்புக் காரைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், "அக்கா, நீங்க பக்கத்து சீட்ல ஜாலியா போகப் போறீங்க" என்றே எல்லோரும் சொன்னார்கள்.

ஆமாம், கார் வந்துவிட்டது. தேயிலை ஆலையில் ஃபிட்டராக இருக்கும் குணாளன், பழைய மருந்துத் தெளிப்பான்களைப் போட்டு வைக்கும் கொட்டகையில் பதினோரு வருஷம் குனிந்து கிடந்து, குழாய்களை வெட்டி ஒட்டி, எங்கிருந்தோ வந்த ஓர் எஞ்சினை உள்ளே உட்கார வைத்து, சொன்னபடியே கட்டி முடித்தான். பெரிய ரோட்டுக்கு எடுத்துப்போக இன்னும் அனுமதிக் கடிதம் வரவில்லை. தோட்டத்து ரோட்டில் ஓட்ட மேனேஜர் சம்மதித்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்குள் வாசல் மாரியம்மன் கோயிலில் பூஜை. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் தயார்.

பாக்கி இருந்தது ஒரே ஒரு வேலை. காரின் உயரத்தைச் சரிசெய்வது.

வேலை என்னவோ எளிதுதான். ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு ஸ்பிரிங். ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் அடியில் மரை போட்ட ஒரு வளையம். வளையத்தை ஒருபக்கம் திருகினால் கார் எழும்பும், மறுபக்கம் திருகினால் படியும். ரொம்பப் படிந்தால் அடிவயிறு தரையில் தேயும். ரொம்ப எழும்பினால் பார்க்கிறவன் சிரிப்பான். ஆனால் காலிக் காரை அளந்து பிரயோஜனமில்லை. ஓட்டுகிறவரின் பாரம் சீட்டில் இருக்கும்போதுதான் அளக்க வேண்டும். ஓட்டுகிறவன் குணாளன். அளக்கிறவனும் குணாளன். ஒரே ஆள் சீட்டிலும் தரையிலும் எப்படி இருப்பான்?

"உன் வெயிட்டு அறுபத்தஞ்சு," என்றான் விக்னேஸ்வரியிடம். "என் வெயிட்டு எழுபத்தஞ்சு. நீ உக்காந்து மடியில பத்து கிலோ அரிசிய வச்சுக்கிட்டா, நீதான் நான்."

இருபத்து நான்கு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவளுக்குக் கிடைத்த பெரிய பதவி உயர்வு இது.

இப்படியாக மூன்று சனிக்கிழமைகள் அவள் பேட்மிண்டன் கோர்ட்டில் அரிசி மூட்டையோடு உட்கார்ந்தாள். ஏன் கோர்ட்டில் என்றால், இந்த மலையில் மட்டமான தரை என்று வேறு இல்லை. வாசல், கோயில், ஆலை, கல்யாண மண்டபம் எல்லாம் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்கும். கோர்ட்டும் கோயில் பக்கம் அரை அங்குலம் சாய்கிறது என்று கொத்தனாரின் தண்ணீர் டியூபை வைத்துக் கண்டுபிடித்து, சக்கரத்தடியில் பலகைத் துண்டுகள் கொடுத்துச் சரிக்கட்டினான் குணாளன்.

"மூச்சப் பிடிக்காத விக்கி. சாதாரணமா உக்காரு."

"மடியில பத்து கிலோ அரிசிய வச்சுக்கிட்டு எப்படிங்க சாதாரணமா உக்கார்றது?"

"ஸ்டியரிங்கத் திருப்பாத! அளவு மாறிடும்."

அவள் திருப்பவில்லை. தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள். கால்கள் மிதிகளுக்கு அச்சாக எட்டின. இருவரும் ஒரே உயரம். அதனால்தான் கல்யாணப் போட்டோவில் குணாளன் ஒரு பலகைமேல் நின்றான். கண்ணாடிக்கு அப்பால் நீளமான சிவப்பு மூக்கு. அதற்கும் அப்பால் பச்சை வரிசைகளுக்கு நடுவே வளைந்து இறங்குகிற ரோடு. முதல் வளைவுக்கு மூன்றாவது கியர், இரண்டாவதுக்கு இரண்டு என்று அவள் மனசு கணக்குப் போட்டது. கீழே தரையில் படுத்திருந்த புருஷன், "முன்பக்கம் அஞ்சு அங்குலம்! பின்பக்கம் அஞ்சரை!" என்று கத்தினான்.

சுற்றிலும் ஆலோசனை சொல்ல ஆட்களுக்கா பஞ்சம்? ரிங்லெட்டில் மளிகையும் சாப்பாடுமாகக் கடை வைத்திருக்கும் சலீம் பாய், தே தாரிக் என்கிற ஆற்றிய டீயைப் பையில் கட்டிக்கொண்டு வந்து, "இன்னும் சிக்கிட் எறக்கு குணா, கொஞ்சமே கொஞ்சம். பாம்பு மாதிரி போகணும்லா" என்றார். கொழுந்தை நிறுத்துக் கணக்கெழுதும் கிராணி ஆண்டியப்பன், அறுபது வயதுவரை சைக்கிளைத் தவிர வேறெதையும் ஓட்டாதவர், ஏற்றச் சொன்னார். மேனேஜர் மகேனுக்கு முப்பத்தொரு வயது. வெள்ளைக்காரன் போய் எத்தனையோ காலமாகியும் துரை என்ற பெயர் அந்த நாற்காலியோடு ஒட்டிக்கொண்டுவிட்டதால் அவரும் துரைதான். அவர் கைப்பேசியில் ஒரு வீடியோவைக் காட்டி, "புவியீர்ப்பு மையம் முக்கியம் குணா" என்றார். எல்லோரும் அந்த மையம் எங்கே இருக்கிறது என்று காரைச் சுற்றிவந்து பார்த்தார்கள். அதன்மேல் உட்கார்ந்திருந்தவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

மூன்றாம் சனிக்கிழமை சாயங்காலம் நான்கு வளையங்களையும் இறுக்கிப் பூட்டினான். அளவு மில்லிமீட்டர் பிசகவில்லை. அவள் இறங்கினாள். அவன் ஏறினான். கோர்ட்டை விட்டு இறங்கி, கம்பீரமாகத் தோட்ட வாசலுக்குப் போனான். அங்கே வண்டிகளின் வேகத்தைக் குறைக்கத் துரை போட்ட நாலங்குல மேடு ஒன்று உண்டு. கோயில் அதைத் தாண்டித்தான்.

கர்ர்ரக்.

ஓட்டுகிறவன் பக்கம் அடியில் ஓடுகிற புகைக்குழாய் மேட்டில் உரசி, பல்கூசும் சத்தம் தேயிலைக்குள் போய்த் திரும்பி வந்தது. குணாளன் பின்னால் எடுத்தான். கோர்ட்டுக்கு வந்தான். விக்னேஸ்வரியை உட்கார வைத்து அளந்தான். ஐந்து, ஐந்தரை. துளிகூடப் பிசகில்லை. மறுபடி அவன் ஏறி மேட்டுக்குப் போனான். கர்ர்ரக்.

அன்று சாயங்காலம் முழுக்க அவன் குற்றவாளியைத் தேடினான். முதலில் தரை. பிறகு ஸ்பிரிங், "சூட்டுல தளர்ந்திருக்கும்" என்றான், இருபது டிகிரிக் குளிரில் போர்வை போர்த்திக்கொண்டு. பிறகு மேடு: "ஊர்ல எல்லா மேடும் ஒரு அளவு, நம்ம துரை போட்டது மட்டும் தனி அளவு."

அவன் உள்ளே சாப்பிட உட்கார்ந்தபோது கோலாலம்பூரில் படிக்கும் மகள் சசிரேகா போனில் கூப்பிட்டாள். "அம்மா, கேட்டியா?" என்றாள். இந்த உலகத்தில் அந்தக் கேள்வியைப் பற்றித் தெரிந்த ஒரே ஆள் அவள்.

"நாளைக்குப் பூஜை முடியட்டும்."

"முடிஞ்சதும் என்ன, தீபாவளி முடியட்டும்பே. அப்பா என்னம்மா கடிச்சா திங்கப் போறாரு?"

"பாக்கலாம்பாரு," என்றாள் விக்னேஸ்வரி மெதுவாக. "அப்படிச் சொல்லிட்டா அதோட போச்சுடி."

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மறுபடி அளந்து, மறுபடி ஓட்டி, மறுபடி உரசியபோது குணாளனுக்குக் குற்றவாளி கிடைத்துவிட்டது.

"அரிசி!" என்றான். "பத்து கிலோன்னு போட்டிருக்கு. உள்ள பத்து இருக்கா? எடை குறைஞ்சா அளவு எப்படி நிக்கும்? பாய், இது உங்க கடையில வாங்குனது."

சலீம் பாய் தே தாரிக்கைக் கீழே வைத்தார். முப்பது வருஷச் சிநேகிதம் அந்த நொடியில் கோர்ட்டின் நடுக்கோட்டில் நின்றது. "என்னா சொன்ன? எங்க வாப்பா காலத்துலருந்து ரிங்லெட்ல கடை வச்சிருக்கோம். ஒரு பய எடையில குத்தம் சொன்னதில்ல. தூக்குய்யா மூட்டைய! கிராணியாரே, கொட்டகையைத் தொறங்க!"

கொழுந்துக் கொட்டகை கோர்ட்டுக்கு எதிரேதான். ஞாயிற்றுக்கிழமையானாலும் ஆண்டியப்பன் சாவியை இடுப்பை விட்டுக் கழற்றுவதில்லை. பூஜைக்கு வேட்டி சட்டையில் வந்திருந்த பாதித் தோட்டம் பின்னாலேயே வந்தது. துரையும் வந்தார், தோட்டத்தின் முகநூல் பக்கத்துக்கு வீடியோ எடுத்தபடியே.

மூட்டையைத் தராசு மேடையில் வைத்தார்கள்.

"பத்து," என்றார் ஆண்டியப்பன்.

"கேட்டுக்கிட்டியா?" என்றார் சலீம் பாய். "ம்ம், தங்கச்சி, நீயும் ஏறும்மா."

விக்னேஸ்வரி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள்.

"அறுபத்தஞ்சு."

"அறுபத்தஞ்சும் பத்தும் எழுபத்தஞ்சு," பாய் விரலை மடக்கினார். "அரிசி சரி. தங்கச்சி சரி. இனி யாரு பாக்கி?"

எல்லோரும் குணாளனைப் பார்த்தார்கள்.

"எனக்கு எதுக்கு?" என்றான். "என் வெயிட்டு எனக்குத் தெரியாதா? எழுபத்தஞ்சு. இதே தராசுல, இதே கிராணி பாத்துச் சொன்னது. கேளுங்க."

"நானா? எப்போ?" என்றார் ஆண்டியப்பன்.

"ஏழு வருஷம் இருக்கும். கொட்டகைக் கூரை ஒழுகுதுன்னு கூப்பிட்டீங்கல்ல. சும்மா ஏறி நின்னேன். எழுபத்தஞ்சுன்னீங்க."

ஆண்டியப்பன் மோவாயைத் தடவினார். "கூரை ஒழுகிச்சுன்னா... அன்னிக்கு மழைதானே?"

"ஆமா, நல்ல மழை."

"அப்ப தண்ணி கழிச்சிருப்பேனே."

தோட்டத்தில் இதை விளக்கத் தேவையில்லை. மழையில் பறித்த கொழுந்து ஈரத்தைக் குடித்துக் கனக்கும். அதனால் மழை நாளில் நிறுக்கும்போது நூற்றுக்குப் பதினைந்து தண்ணீருக்கு, இரண்டு கிலோ சாக்குக்கு என்று கழித்துத்தான் கிராணி எடையைச் சொல்வார். முப்பத்தைந்து வருஷமாக அவர் வாய் அப்படிச் சொல்லியே பழகிவிட்டது.

"நான் என்னா கொழுந்தா?" என்றான் குணாளன்.

"பழக்கம்லா குணா. மேல என்னா ஏறுனாலும் வாய் தானா கழிச்சிரும். என் பேரன் பொறந்த அன்னிக்கும் மழை. ரெண்டு கிலோகூட இல்லன்னு ஊர் பூரா சொல்லிட்டேன். மருமவ ஒரு வாரம் எங்கிட்டப் பேசல."

"சாக்குக்குமா கழிச்சீங்க?"

"நீ ரெயின்கோட்டுல இருந்திருப்ப."

துரை கைப்பேசியில் பின்னோக்கிக் கணக்குப் போட்டார். "அப்போ நிஜமா தொண்ணூத்தொண்ணு இருந்திருக்கீங்க குணா," என்றார். வேண்டிய இடத்தில் வராத கணக்கு அவருக்கு இதில் நன்றாக வந்தது.

"ஏறு," என்றார் சலீம் பாய். அவருக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

குணாளன் சட்டைப்பையிலிருந்து ஸ்பானர், டேப், சில்லறை, சீப்பு எல்லாவற்றையும் எடுத்து வைத்தான். பெல்ட்டைக் கழற்றினான். ஏறி நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

"நூத்தியொண்ணு," என்றார் ஆண்டியப்பன். அப்புறம், மனசு கேட்காமல், "வெயில் அடிக்குது குணா. இன்னிக்குக் கழிக்க ஒண்ணும் இல்ல."

"காலையில பனி பெஞ்சுதே," என்றான் குணாளன். குரல் கொட்டகைக்கு வெளியே போகவில்லை.

யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு எல்லோரும். சலீம் பாய் கோபம் மறந்து, தராசின் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். விக்னேஸ்வரிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு இது முன்பே தெரியும். ஒவ்வொரு தீபாவளிக்கும் அவன் கால்சட்டையின் இடுப்புத் தையலைப் பிரித்து இரண்டு விரல் விட்டுத் தைக்கிறவள் அவள்தான். ஒரு தடவையும் சொன்னதில்லை. அவன் எழுபத்தைந்தாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். அவன் ஓர் எண்ணை நம்பிக்கொண்டு, அவள் ஒரு கேள்வியை விழுங்கிக்கொண்டு, இரண்டையும் யாரும் தொடாமல் குடும்பம் நன்றாகவே ஓடியிருக்கிறது. இன்று எண் தராசுமேல் ஏறி வெட்டவெளியில் நிற்கிறது. அதைக் கழித்துக் குறைக்க யாருமில்லை.

அவன் மேடையிலிருந்து இறங்கி பெல்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் அருகில் போய் அவன் சட்டைப்பைக்குள் சீப்பை வைத்துவிட்டாள்.

"பரவால்ல," என்றாள். "கார் சரியாத்தான் இருக்கு. அளவுல நீங்க ஒரு தப்பும் பண்ணல."

"அதான் விக்கி," என்றான் அவன், கொஞ்சம் தெளிந்து. "அளவு பெர்ஃபெக்ட். ஆளுதான் தப்பு."

"மணி பத்து அஞ்சு!" என்று கோயில் பக்கமிருந்து குரல் வந்தது. "பத்தரைக்கு மேல நேரம் சரியில்லன்னு குருக்கள் சொல்றாரு!"

இருபத்தைந்து நிமிஷம். நான்கு வளையங்களையும் தளர்த்தி, நூற்றொரு கிலோவுக்கு உயர்த்தி, அளந்து, பூட்ட அரை நாள் வேண்டும். அதற்குள் பேட்மிண்டன் போட்டிக்குப் பையன்கள் வலை கட்டத் தொடங்கியிருந்தார்கள். காரைத் தள்ளிக்கொண்டே போகலாம் என்றார் ஒருவர். எஞ்சின் ஓடாமல் நசுக்கினால் எலுமிச்சம்பழத்துக்குப் பலன் இல்லை என்றார் இன்னொருவர். கடைசியில் மேட்டை உடைக்கலாம் என்று ஒருவர் சொல்ல, துரை இருமினார்.

இருமி முடித்துவிட்டு, "சிம்பிள்," என்றார். "எழுபத்தஞ்சுக்கு செட் பண்ணியிருக்கு. நான் எழுபத்திரண்டு. ஜிம்ல பாத்தேன். நானே ஓட்டிட்டு வரேன். போட்டோவுக்கும் நல்லா இருக்கும்ல?"

கையை நீட்டினார்.

போன மாதம் மழையில் ஜீப்பைக் கால்வாய்க்குள் இறக்கியவர் இவர். அதைப் பள்ளி வேனில் கயிறு கட்டி இழுத்தவள் விக்னேஸ்வரி. வேனுக்குள் இருந்த பிள்ளைகள் கைதட்டினார்கள். அது இப்போது யாருக்கும் ஞாபகம் வந்ததாகத் தெரியவில்லை.

"போலே லா, ஓட்டலாம்," என்றார் சலீம் பாய், அரை மனசாக. "துரை ஓட்டுனா ஒரு கௌரவம்தான்."

குணாளன் சாவியை வெளியே எடுத்தான். சாவியில் கோத்திருந்த வளையம் பழைய ஸ்பிரிங் கம்பியை வளைத்து அவனே செய்தது. அவன் அதைப் பார்த்தான். துரையின் கையைப் பார்த்தான். பதினோரு வருஷத்தைத் தூக்கிக் கொடுக்கிறவன் எப்படிப் பார்ப்பானோ அப்படி. கொடுக்க அவனுக்கு இஷ்டமில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. வேறு யாருக்குக் கொடுப்பது என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை என்பதும் தெரிந்தது. மூன்று சனிக்கிழமை அவளைச் சீட்டில் உட்கார வைத்து, அவள் உடம்புக்கு அளந்து, அவள் பாரத்துக்கு நான்கு வளையங்களையும் திருகிப் பூட்டியவனுக்கு, அது தோன்றவில்லை.

இனி கேட்டால் 'பாக்கலாம்' வரலாம். கேட்காவிட்டால் சாவி போய்விடும்.

விக்னேஸ்வரி குனிந்து தராசு மேடையிலிருந்த அரிசி மூட்டையைத் தூக்கி, பிள்ளையைப் போல் இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"என்னங்க."

சாவியோடு நீண்ட கை பாதியில் நின்றது. "என்னா விக்கி?"

தாப்பா பஸ் வருகிறதா என்று ஒரு கணம் காது கொடுத்துக் கேட்டவள்போல் நின்றாள். எந்தப் பஸ்ஸும் வரவில்லை. பாதித் தோட்டமும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இந்தக் கார நான் ஓட்டணும்," என்றாள். "ரிங்லெட் பஸ் ஸ்டாண்டுலயே கேட்டிருக்கணும், இப்பக் கேக்கறேன். நான் ஓட்டிக்கிட்டுப் போறேன், நீங்க பின்னால நடந்து வாங்க. பாக்கலாம்னு மட்டும் சொல்லிடாதீங்க."